மாற்றுத்திறனாளிகளுக்கு ஸ்கூபா கற்றுத்தரப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

காற்று உருளையோடு நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கைப் பல வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு இந்தச் சிறப்புப் பயிற்சிக்கு வருகிறவர்கள், சிரமமெல்லாம் தண்ணீருக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் நமக்கு உதவிதான் செய்கிறது. நாற்காலியிலிருந்து எழ முடியாதவர் அங்கே எடையே இல்லாமல் மிதக்கிறார். பெரும்பாலான தவறுகள் கரையிலேயே நடந்துவிடுகின்றன. அவற்றுக்கு வேர் ஒன்றுதான்: மாணவரைக் கேட்பதற்கு முன்பே நம் கை நீண்டுவிடுகிறது.

பயிற்றுநர்களுக்கான இந்தப் பயிற்சியில் அவர்களின் கால்களைக் கட்டி நீந்தவிடுவார்கள். கண்ணாடியை மறைத்த மாஸ்க்கை மாட்டிக் குளத்துக்குள் இறக்குவார்கள். நான் அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆழம் மூன்று மீட்டர்கூட இல்லை. என் மூச்சுக் குமிழிகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது. கையைப் பிடித்து வந்தவர் திடீரென்று விட்டுவிட்டு, என் ஜாக்கெட்டின் இறுகிய பட்டையைத் தளர்த்த ஆரம்பித்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். எனக்கோ யாரோ எங்கிருந்தோ என்னை இழுப்பதுபோல இருந்தது. மூச்சு தாறுமாறாக ஓடியது. பார்வையற்றவரின் கையை விடுவதற்கு முன்பும், அவருடைய கருவிகளைத் தொடுவதற்கு முன்பும், முன்கூட்டியே பேசிவைத்த ஒரு கையழுத்தத்தால் சொல்லிவிட வேண்டும் என்பது அன்றைக்கு உடம்பில் பதிந்தது.

அதற்காக, அந்த அரைமணி நேரத்தில் பார்வையின்மை என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நமக்கு அந்த இருட்டு புதிது, அதனால் பயந்தோம். உங்கள் மாணவர் தொட்டும் கேட்டும் வாழப் பழகியவர். நீங்கள் தடுமாறிய இடத்தில் அவர் சாதாரணமாக இருக்கலாம். நீங்கள் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் தடுமாறலாம். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரை வைத்து முடிவு செய்வது

தண்டுவடக் காயம், பெருமூளை வாதம் என்று படிவத்தில் எழுதியிருப்பதைப் பார்த்ததுமே பாடத்திட்டம் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. தண்டுவடத்தில் ஒரே இடத்தில் அடிபட்ட இருவரில் ஒருவருக்கு விரல் பிடிப்பு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. எங்கெல்லாம் உணர்வு இருக்கிறது, குளிர்ந்தால் தசை இழுக்குமா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று உட்கார்ந்து பேசுங்கள். டைவிங் செய்யலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தெரிந்தவர், ஆர்வமாக இருக்கிறார் என்பதற்காக நாமே அனுமதி கொடுப்பது பெரிய தவறு.

இந்தப் பேச்சில் கிடைக்கும் விவரத்தை எழுதிவைப்பதும் முக்கியம். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் கரைந்திருந்த வாயு குமிழிகளாக மாறுவதால் வருவது அழுத்தக் குறைவு நோய். அதன் அறிகுறிகளில் மரத்துப்போவதும், ஊசி குத்துவதுபோன்ற உணர்வும், பலவீனமும் உண்டு. வழக்கமாகவே கால் மரத்திருக்கும் ஒருவருக்கு மேலே வந்தபின் புதிதாக ஏதாவது நடந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? டைவுக்கு முன்பு எந்த இடம் எப்படி இருந்தது என்ற குறிப்பு இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

சாதாரணத் தலைவலி என்று விட்டுவிடுவது

இதை எந்தப் பயிற்றுநரும் கண்டிப்பாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மார்புப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ‘ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’ என்ற நிலை வரலாம். உணர்வில்லாத பகுதியில் ஏதோ ஒன்று உறுத்தும். அவருக்கு வலி தெரியாது, ஆனால் உடம்பு அதற்குப் பதில் சொல்லி ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே உள்ள பகுதியில் வியர்ப்பது ஆகியவை அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தூண்டுவது பெரும்பாலும் சின்ன விஷயம்தான். நிரம்பிய சிறுநீர்ப்பை முதல் காரணம். உடலை ஒட்டிய டைவிங் உடையான வெட்சூட்டுக்குள் மடங்கிப்போன, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய், தொடையில் இறுகிய பட்டை, உடைக்குள் விழுந்த மடிப்பு, இப்படி எதுவும் தூண்டலாம். ஆகவே உடை மாட்டிவிடும்போது அவசரப்படாதீர்கள். குழாய் நேராக இருக்கிறதா, சிறுநீர்ப் பையைக் காலி செய்தாகிவிட்டதா என்று அவரிடமே கேளுங்கள். கூச்சமாக இருக்கிறது என்று கேட்காமல் விடுவது கரிசனம் ஆகாது. அறிகுறி தெரிந்தால் டைவை நிறுத்தி, மேலே கொண்டுவந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்கி, மருத்துவ உதவிக்குச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், தோல். உணர்வில்லாத காலைச் சொரசொரப்பான தரையில் இழுத்துவிட்டால் அவருக்கே தெரியாமல் காயமாகிவிடும். வெயிலில் காய்ந்த படகுத் தளத்தில் உட்காரவைத்தால் சுட்டுவிடும். கீழே மெத்தையோ மடித்த துண்டோ விரியுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதையும் விட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி ஓட்டுகிறவருக்குத் தோள்தான் கால். எப்படித் தூக்கினால் வசதி என்பதை அவர் சொல்லட்டும். தூக்குவதற்கு எண்ணுவதும் அவராகவே இருக்கட்டும்.

தண்ணீருக்குள்

தசை மெலிந்த கால்கள் மேலே மிதந்து, தலை கீழே போய்விடும். உடனே இடுப்பு பெல்ட்டில் எடைக்காகக் கட்டும் ஈயத்தைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் உடல் இன்னும் கோணலாகும். ஆழமில்லாத இடத்தில் வைத்து, கொஞ்சம் எடையைக் கால் பக்கம் நகர்த்திப் பார்த்து, கிடைமட்டமாக நிற்கும்வரை பொறுமையாக மாற்றுங்கள். கணுக்காலில் எடை கட்டினால் தோலை இறுக்காமல் கட்டுங்கள். ஒரு கால் இல்லாதவர் பக்கவாட்டில் உருளலாம், அதற்கும் இதே வழிதான்.

காது விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது. காதுக்குள் அதைச் சமன்செய்ய வழக்கமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுவார்கள். மூக்கைப் பிடிக்க விரல் வராதவருக்கு, எச்சில் விழுங்குவதோ தாடையை அசைப்பதோ போதுமா, இல்லை நீங்கள் மூக்கைப் பிடித்துவிட வேண்டுமா என்று கரையிலேயே பழகுங்கள். ‘காது வலிக்கிறது, நில்’ என்பதற்குக் கை வேண்டாத ஒரு சைகை இருக்க வேண்டும், தலையை மெதுவாக இருபுறம் ஆட்டுவதுபோல.

காது கேளாதவர்கள் சைகை மொழியில் பேசிப் பழகியவர்கள், நீருக்கடியில் நம்மைவிடச் சரளமாகப் பேசுவார்கள். மூச்சு இழுக்கும் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டோ முதுகைக் காட்டிக்கொண்டோ விளக்கம் சொல்லாமல் இருந்தால் போதும். மேற்பரப்பில் படகுச் சத்தம் அவர்களுக்குக் கேட்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இரக்கத்தில் சான்றிதழ் கொடுப்பது

இவ்வளவு முயற்சி செய்திருக்கிறார், கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. 1981இல் தொடங்கப்பட்ட ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன் சான்றிதழை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. தன்னையும் பார்த்துக்கொண்டு, உடன் வருபவருக்கும் உதவ முடிந்தவர் ஏ நிலை, மற்றவர்களைப் போலவே ஒரு துணையோடு இறங்கலாம். தன்னைப் பார்த்துக்கொள்வார், ஆனால் மற்றவரை மீட்க முடியாது என்றால் பி நிலை, இரண்டு டைவர்கள் உடன் வர வேண்டும். அவசரத்தில் தனக்கே உதவி தேவைப்படுபவர் சி நிலை. அவருடன் வரும் இருவரில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

சி நிலையிலிருக்கும் ஒருவருக்கு ஏ என்று எழுதிக் கொடுத்தால், அந்த அட்டையை நம்பி வேறொரு கடலில் ஒரு புதியவர் அவருக்கு ஒற்றைத் துணையாக இறங்குவார். அங்கே ஏதாவது நடந்தால் இருவருமே மாட்டிக்கொள்வார்கள். எந்த நிலை, ஏன் என்பதை மாணவரிடம் நேராகச் சொல்லுங்கள். என்ன பழகினால் நிலை மாறும் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.