பனிச்சறுக்குக்குப் போக முன்: சப்பாத்தில்தான் கவனம்

திருகோணமலையில் இருந்து மார்கழி, தையில் சுவிஸ், கனடாவில் இருக்கும் சொந்தங்களிடம் போகிறவர்கள் பனிச்சறுக்கையும் ஒருக்கால் பழகிப் பாருங்கள். குளிர் என்று இரண்டு மூன்று சோடி காலுறை போட வேண்டாம். முழங்கால்வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும். தடித்தால் இரத்த ஓட்டம் நெருக்குப்பட்டு விரல்கள் இன்னும் விறைக்கும்.

வாடகைச் சப்பாத்தோடு நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். அப்போது குதி மேலே எழும்பினால் சிறிய அளவு கேளுங்கள். நிறை, உயரம், வயதை உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது சப்பாத்தில் பூட்டிய சறுக்குப் பலகை கழரும் இறுக்கத்தை அதைப் பார்த்துத்தான் வைப்பார்கள். நிறையைக் கூட்டிச் சொன்னால் பலகை கழராமல் முழங்கால் முறுகும்.

பலகைகளின் முன்முனைகளைக் கிட்டவும் பின்முனைகளை அகலவும் வைத்தால் வேகம் குறையும். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்தால் முன்முனை பிடிப்பை இழந்து பலகை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். கணைக்காலின் முன்பக்கத்தைச் சப்பாத்தின் நாக்கில் அழுத்தியபடியே நில்லுங்கள்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. நிலாவெளி வெயிலில் பழகிய தோல் என்று இருந்துவிடாதீர்கள். பனி புறஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், சன்கிரீமும் கண்ணாடியும் கட்டாயம். சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு அடங்காது, புறப்பட முன்பே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.