பழவேற்காடு ஏரியை ரேடார் பட்டியலில் தேடுவது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் பழவேற்காடு ஏரியைச் சாதாரண செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நாள் மேகம்தான். ஏரி நிரம்புவதும் அந்த வடகிழக்குப் பருவமழையில்தான், நமக்குப் படம் தேவைப்படுவதும் அப்போதுதான். தானே ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்கும் ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. இரவிலும் படம் எடுக்கும். தரவும் இலவசம். சிக்கல் எல்லாம் அந்தப் படங்களை வரிசையாகக் காட்டும் இணையப் பட்டியலில்தான். தேடு பொத்தானை அழுத்தியதும் நூற்றுக்கணக்கான வரிசைகள் வந்து விழும். முதலில் கண்ணில் படுவதை எடுத்தால், நாலு ஜிபி இறங்கி முடிந்த பிறகுதான் அது நமக்கு உதவாத வகை என்று தெரியும். ஆரம்பாக்கம் பக்கத்து இணைய வேகத்துக்கு அது ஒரு ராத்திரி வேலை.

அதனால் இந்தப் பதிவில் படத்தைப் பற்றிக் குறைவாகவும், பட்டியலைப் படிப்பது பற்றி அதிகமாகவும் சொல்கிறேன். எடுத்துக்கொள்வது ஐரோப்பியர்களின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1.

எங்கே தேடுவது? இரண்டு இடம் போதும். ஒன்று, அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் வெர்டெக்ஸ். மற்றது கோப்பர்நிக்கஸ் பிரவுசர். தரவிறக்காமல் சும்மா பார்க்க கோப்பர்நிக்கஸ் நல்லது. ஆனால் எந்தப் பாதை, எந்தத் திசை என்று சலித்தெடுக்க வெர்டெக்ஸ்தான் என் தேர்வு; தரவிறக்க நாசாவின் எர்த்டேட்டா கணக்கு வேண்டும், அது இலவசம். பழைய பாடங்களில் வரும் கோப்பர்நிக்கஸ் ஓப்பன் அக்சஸ் ஹப் 2023-லேயே மூடப்பட்டுவிட்டது. அந்த முகவரியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம் நாட்டு ரேடார் செயற்கைக்கோளான இஓஎஸ்-04 தரவு வேண்டுமென்றால், இஸ்ரோவின் தொலையுணர்வு மையமான என்ஆர்எஸ்சி-யின் பூநிதி தளத்துக்குப் போங்கள், அது தனிக் கதை.

முதல் வேலை, இடத்தைச் சொல்வது. வரைபடத்தில் மவுஸால் ஒரு கட்டம் போட்டால் எந்த வம்பும் இல்லை. எண்களைத் தட்டும்போதுதான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். கூகுள் மேப்பில் ஏரியின் நடுவே அழுத்தினால் 13.6, 80.15 என்று காட்டும்; அதாவது அட்சரேகை முதலில். வெர்டெக்ஸின் தேடல் பெட்டிக்கு அப்படியே தலைகீழாக வேண்டும்: தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு, நடுவில் கமா இல்லாமல் ஓர் இடைவெளி. மாற்றாமல் ஒட்டினால் அது 80 டிகிரி வடக்கு ஆகிவிடும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேலே, ஆர்க்டிக் கடல். பிழை என்று எந்தச் சிவப்பு எழுத்தும் வராது. துருவப் பக்கம் செயற்கைக்கோள் அடிக்கடி போவதால் வரிசைகள் நிறையவே வரும், நமக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம் ஊர்ப் படங்களில் பெரும்பாலும் ஐடபிள்யூ என்ற முறையும், விவி, விஎச் என்ற அலைமுனைப்பும் (அலையை அனுப்பும், வாங்கும் திசை: வி செங்குத்து, எச் கிடை) இருக்கும். ஈடபிள்யூ, எச்எச், எச்வி என்று கண்ணில் பட்டால் நீங்கள் பனிக்கடலில் நிற்கிறீர்கள்.

அடுத்து வகை. ஒரே காட்சிக்குப் பட்டியலில் பல பிள்ளைகள்: ரா, எஸ்எல்சி, ஜிஆர்டி, ஓசிஎன். தண்ணீர் எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க ஜிஆர்டி மட்டும் போதும். ஏறக்குறைய ஒரு ஜிபி. எஸ்எல்சி பல மடங்கு பெரியது. நிலம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளப்பவர்களுக்கு உரியது. தொடக்கக்காரர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது என் கறாரான கருத்து.

இப்போது பெயர். இத்தனை நீளமான கோப்புப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், எல்லாத் தகவலும் அதற்குள்தான் இருக்கிறது. எஸ்1ஏ என்பது எந்தச் செயற்கைக்கோள் என்று சொல்லும்; சென்டினல்-1 ஒன்றல்ல, ஏ, பி, சி என்று பல. ஐடபிள்யூ என்பது 250 கிலோமீட்டர் அகலத்துக்குப் படம் எடுக்கும் முறை. ஜிஆர்டிஎச் வகை. அப்புறம் 1எஸ்டிவி: கடைசி இரண்டு எழுத்து டிவி என்றால் விவி, விஎச் இரண்டும் உண்டு, எஸ்வி என்றால் விவி மட்டும். அதன் பிறகு தொடங்கிய நேரம், முடிந்த நேரம். இரண்டுக்கும் சுமார் 25 வினாடி இடைவெளி இருக்கும். நேரம் உலக நேரம், 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள். பெயரில் 00 மணி 30 சொச்சம் என்றிருந்தால் நமக்குக் காலை ஆறு மணி, 12 மணி 30 சொச்சம் என்றால் மாலை ஆறு. சென்டினல்-1 நம் தலைக்கு மேல் வருவது இந்த இரண்டு வேளையில்தான்.

அதற்கு அடுத்த ஆறு இலக்கம் சுற்று எண். செயற்கைக்கோள் ஏவியதிலிருந்து எத்தனையாவது சுற்று என்பது. இதையும் பாதை எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாதை என்பது பஸ் ரூட் நம்பர் மாதிரி, சுற்று என்பது அந்த பஸ் அடித்த டிரிப். மொத்தம் 175 பாதைகள். 12 நாளில் எல்லாம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. வெர்டெக்ஸ் பாதை எண்ணைத் தனியாகக் காட்டும். யாராவது வாட்ஸ்அப்பில் கோப்புப் பெயரை மட்டும் அனுப்பினால் நாமே கணக்குப் போடலாம்: எஸ்1ஏ-வுக்குச் சுற்று எண்ணிலிருந்து 73-ஐக் கழித்து, 175-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்ட வேண்டும். சுற்று 51500 என்றால் 73 போக 51427. வகுத்தால் மீதி 152. ஆக, பாதை 153.

பாதைக்கு ஏன் இத்தனை பாடு? மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு படத்தை ஒப்பிடப் போகிறோம். ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும். பாதை மாறினால் சாய்வு மாறும், சாய்வு மாறினால் அதே வயல் வேறு வெளிச்சத்தில் தெரியும். அதைத் தண்ணீர் என்று நினைத்து எண்ணிவிடுவோம். ஆகவே ஒரே பாதை, ஒரே திசை. திசை இரண்டு: தெற்கிலிருந்து வடக்கே போவது ஏறுமுகம், நமக்கு மாலை, வடக்கிலிருந்து தெற்கே வருவது இறங்குமுகம், நமக்குக் காலை. கடந்த ஓராண்டில் எந்தப் பாதைக்கு வரிசைகள் அதிகம் என்று பார்த்து, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தன்று படம் இல்லையே என்று கோபப்பட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தது என்பதற்காகச் செயற்கைக்கோள் முன்கூட்டி வராது, தன் முறைக்குத்தான் வரும். எஸ்1பி 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டது, எஸ்1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில். இடைப்பட்ட காலத்தில் எஸ்1ஏ மட்டும்தான், வரிசைகளும் குறைவு.

தரவிறக்கி ஜிப்பைப் பிரித்ததும் முன்னோட்டப் படம் ஒன்று இருக்கும். இறங்குமுகப் படம் என்றால் அதில் வங்காள விரிகுடா இடது கைப் பக்கம் இருக்கும், ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கு மேற்கே போயிருக்கும், சூலூர்பேட்டை கிழக்கே. கோப்பு கெட்டுவிடவில்லை. ரேடார் தான் பார்த்த வரிசையிலேயே படத்தை அடுக்கியிருக்கிறது, அதனால் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிறது. ஏறுமுகப் படம் தலைகீழாக நிற்கும். ஸ்நாப் மென்பொருளில், படத்தை வரைபடத்தோடு பொருத்தும் ரேஞ்ச் டாப்ளர் டெரெயின் கரெக்‌ஷன் செய்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

பிற்சேர்க்கை: பதிவைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை.

பட்டியலில் படத்தின் எல்லை ஏரியைத் தொடுகிறது, படத்தில் பாதி ஏரிதான் இருக்கிறது என்றார் ஒருவர். உங்கள் கட்டத்தின் ஒரு மூலை பட்டாலும் பட்டியல் அந்த வரிசையைக் காட்டிவிடும். நீண்ட ஓட்டத்தை 25 வினாடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள், நறுக்கும் இடம் எப்போதும் ஒரே இடமாக இருக்காது. அடுத்த துண்டைக் கண்டுபிடிக்க, சுற்று எண்ணுக்குப் பின்னால் வரும் ஆறு எழுத்தைப் பாருங்கள். ஒரே ஓட்டத்தின் துண்டுகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. இரண்டையும் இறக்கி ஸ்நாப்பில் ஸ்லைஸ் அசெம்பிளி போட்டு ஒன்றாக ஒட்டுங்கள். ஒரே நேரம், ஒரே சுற்று, கடைசி நாலு எழுத்து மட்டும் வேறு என்றால் அது துண்டு இல்லை. அதே தரவை மறுபடி பதப்படுத்தியது. பதப்படுத்திய தேதி புதிதாக உள்ளதை எடுங்கள்.

சித்திரையில் ஏரியின் வடபகுதி கறுப்பாகத் தெரிகிறதே, தண்ணீரா என்று தடாவிலிருந்து ஒருவர் கேட்டார். வழவழப்பான எதுவும் ரேடாரை வேறு பக்கம் தெறிக்கவிடும். காய்ந்து சமதளமாகக் கிடக்கும் சேற்றுப்பரப்பும் தண்ணீர் போலவே கறுப்பாகத் தெரியலாம். கோடையில் மேகம் இருக்காது, சாதாரணப் படம் ஒன்றை எடுத்து ஒத்துப் பாருங்கள். நேர்மாறாக, காற்றடித்து அலை எழும்பினால் விவி-யில் தண்ணீர் வெளுத்துவிடும். அந்த நாளில் விஎச்-ஐப் பாருங்கள்.

1994-இல் எண்டவர் விண்கலத்தில் போன எஸ்ஐஆர்-சி ரேடாரின் படம் நம் ஏரிக்கு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். அந்தப் பட்டியல் அமெரிக்க நிலவியல் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரரில் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு பயணம், செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிந்த இன்னொரு பயணம், அவ்வளவுதான். அதுவும் கீற்றுக் கீற்றாக. வரிசை வரவில்லை என்றால் உங்கள் தேடலில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தக் கீற்று இந்தப் பக்கம் விழவில்லை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோளான நைசார் அப்படியில்லை. 2025 ஜூலை 30 அன்று இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, அதற்கும் 12 நாள் சுற்று. அதன் எல்-பேண்ட் (நீண்ட அலை) தரவுக்கும் கிடங்கு அலாஸ்காதான் என்பதால், வெர்டெக்ஸில் இப்போது பழகியது வீண் போகாது.