முதல் துவைப்பு யார் வீட்டில்? பரிசுக் குவில்ட் தைப்பவர்கள் செய்யும் தவறுகள்

மழுங்கிய ஊசியை மாற்றுங்கள், கத்தரியைக் கூராக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முறை அளந்து ஒரு முறை வெட்டுங்கள். இதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. குவில்ட் என்பது துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. வீட்டில் ஒருவருக்குக் கொடுக்க முதல் குவில்ட்டையோ இரண்டாவது குவில்ட்டையோ தைப்பவர்கள் தவறாமல் விழுகிற குழிகள் வேறு. அவற்றில் பாதி, கடைசித் தையல் போடும்வரை கண்ணில் படுவதே இல்லை.

படுக்கையை அளக்காமல் தொடங்குவது

மெத்தை 60-க்கு 80 அங்குலம் என்றால் குவில்ட்டையும் 60-க்கு 80 என்றே தைத்துவிடுகிறார்கள். விரித்துப் பார்த்தால் மெத்தையின் மேல்பக்கம் மட்டும் மூடியிருக்கும். படுத்தவர் ஒருமுறை புரண்டால் முதுகு வெளியே வந்துவிடும்.

கணக்கு எளிதுதான். இரண்டு பக்கமும் காலடியிலும் 10 அங்குலம் தொங்க வேண்டும் என்றால் அகலம் 60+10+10=80, நீளம் 80+10=90. அதோடு நிறுத்திவிடக் கூடாது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது கொஞ்சம் சுருங்கும், முதல் துவைப்பில் இன்னும் கொஞ்சம். 3 முதல் 5 சதவீதம் போகும் என்று வைத்துக்கொண்டால் 90 அங்குலத்தில் ஏறக்குறைய 2¾ முதல் 4½ அங்குலம் வரை காணாமல் போகும். அதை முன்கூட்டியே சேர்த்துத் தைக்க வேண்டும். உட்கார்ந்தபடி காலில் போர்த்திக்கொள்ளத்தான் என்றால் 50-க்கு 65 போதும், இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம்.

கால் அங்குலத்தை நம்புவது

துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். மெஷினின் கால் அங்குல அழுத்துபாதத்தை மாட்டிவிட்டாலே அது வந்துவிடும் என்பது நினைப்பு. வராது. துணியை மடித்து இஸ்திரி போடும்போது மடிப்பிலேயே ஒன்றிரண்டு இழை அளவு போய்விடுகிறது. அதனால் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகத் தைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, பக்கவாட்டில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3½ அங்குலமும் நடுப்பட்டி சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியின் இடத்தை நகர்த்துங்கள், துணியை இழுத்துச் சமாளிக்காதீர்கள்.

ஓரத்தில் 1/16 அங்குலம் பிசகினால் என்ன என்று தோன்றும். அந்தப் பிசகு தையலின் இரண்டு பக்கமும் உண்டு, ஆகவே ஒரு தையலுக்கு 1/8 அங்குலம். ஒரு வரிசையில் 12 துண்டுகள் என்றால் 11 தையல். வரிசை 1⅜ அங்குலம் குட்டையாகிவிடும். பக்கத்து வரிசையில் 6 துண்டுகள்தான் என்றால் அது ⅝ அங்குலம் மட்டுமே குறையும். பிறகு இரண்டையும் எப்படி இணைப்பது?

சாயத்தைச் சோதிக்காமல் தைத்து, துவைக்காமல் கொடுப்பது

இந்தப் பட்டியலில் மிக அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் இதன்மேல்தான் அதிகம்.

நடப்பது இப்படித்தான். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நட்சத்திரங்கள், மூன்று மாத உழைப்பு. கசங்காமல் மடித்து, நாடா கட்டி, அத்தையிடம் கொடுக்கிறார்கள். அத்தை ஆறு மாதம் ஆசையாகப் போர்த்திக்கொண்டு, பிறகு ஒருநாள் துவைக்கிறார். வெள்ளை முழுக்க ரோஜா நிறத் திட்டு. தைத்தவர் மனம் நோகுமே என்று அத்தை அதை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிடுகிறார், வாய் திறப்பதில்லை. தைத்தவர் அடுத்த சிவப்புக் குவில்ட்டை அப்படியே இன்னொருவருக்குத் தைக்கிறார். தனக்காகத் தைத்துக்கொள்பவர் ஒரே முறையில் பாடம் கற்றுவிடுவார். பரிசாகக் கொடுப்பவருக்கு அந்தப் பாடம் வந்து சேர்வதே இல்லை.

சாயம் ஏன் இறங்குகிறது? இன்று பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். அது இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும், பிணைந்தது எளிதில் போகாது. சாயம் போடும்போது ஒரு பங்கு பிணையாமல் இழைக்குள்ளேயே தங்கிவிடும். ஆலையில் அதைப் போதுமான அளவு அலசி எடுக்காவிட்டால் உங்கள் வீட்டு வாளியில் வெளியே வரும். சிவப்பு, கருநீலம், கருப்பு, அடர் ஊதா ஆகியவற்றில் ஆபத்து அதிகம், ஆழ்ந்த நிறத்துக்கு நிறையச் சாயம் ஏற்றியிருப்பார்கள் என்பதால்.

"உப்புத் தண்ணீரில் ஊறவை, வினிகர் ஊற்று, சாயம் நின்றுவிடும்" என்று இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிற்காது. உப்பு சாயத் தொட்டியில் வேலை செய்யும்; சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளும். போட்டு முடித்த சாயத்தை அது பூட்டாது. வினிகரின் அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சாயங்களுக்கு உரியது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிணைவதற்குக் காரத்தன்மைதான் வேண்டும். பிணையாமல் தங்கிய சாயத்துக்கு வழி ஒன்றுதான்: வெளியேற்றுவது. அதற்குச் சூடான நீரும் சோப்பும் வேண்டும்.

வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துணியிலும் 2 அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்துத் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் போடுங்கள். சூடான நீர், ஒரு சொட்டு திரவ சோப்பு, கூடவே ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு. அரை மணி நேரம் கழித்து நீரின் நிறத்தையும் வெள்ளைத் துண்டையும் பாருங்கள். பிறகு ஈரச் சதுரத்தை இன்னொரு வெள்ளைத் துணிமேல் வைத்துக் காயும்வரை விடுங்கள். நீர் நிறம் மாறியும் வெள்ளை கறைபடாமல் இருந்தால் அந்தத் துணியை ஓரளவு நம்பலாம். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி முழுவதையும் சூடான சோப்பு நீரில் தனியாகத் துவைத்து, மறுபடி சோதியுங்கள். மூன்று முறை துவைத்தும் கறை விட்டால், எவ்வளவு பிடித்த துணியானாலும் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். அடர் நிறங்கள் மட்டுமே உள்ள வேறொரு குவில்ட்டுக்கு அது ஆகும்.

துணியை முன்பே துவைப்பது என்று முடிவெடுத்தால் எல்லாவற்றையும் துவையுங்கள். பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கக்கூடும், ஃபிளானல் அதைவிடக் கூடுதலாக. துவைத்த துணியும் துவைக்காத துணியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்று சுருங்கும், மற்றது நிற்கும், நடுவில் தையல் சுருக்கம் விழும். ஏற்கெனவே சிறு சதுரங்களாகவும் 2½ அங்குலப் பட்டிகளாகவும் வெட்டிக் கட்டிவரும் துணிகளை மட்டும் துவைக்காதீர்கள், ஓரம் பிரிந்து கோணலாகிவிடும். அவற்றுக்கு டம்ளர் சோதனை மட்டும் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும், முதல் துவைப்பு உங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். துணி நன்றாக அலையும்படி நிறையக் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, சாயம் உறிஞ்சும் தாள் இரண்டு மூன்று. முடிந்த கையோடு எடுத்து விரித்துவிடுங்கள். ஈரக் குவில்ட்டைச் சுருட்டி மூட்டையாக விட்டுவைத்தால், ஓடும் நீரில் இறங்காத சாயம்கூட அங்கே பக்கத்துத் துணிக்கு நகரும். இந்தத் துவைப்பு இன்னும் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஓரம் போதாமல் பிரிந்த தையல், பிடிப்பில்லாமல் உப்பிய பகுதி, மறைக்க மறந்த நூல்முனை எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போதே தெரியவரும்.

அப்படியும் சாயம் பரவிவிட்டால் காயவைக்காதீர்கள், இஸ்திரி கிட்டவே கொண்டுபோகாதீர்கள். குவில்ட் முழுவதும் பருத்தி என்றால் அகலமான தொட்டியில் 60 டிகிரி செல்சியஸ் அளவு சூடான நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பை அரைக் கப் ஊற்றி, மடிப்பு நெருக்காமல் முழுதும் மூழ்கும்படி 12 மணி நேரம் விடுங்கள். சோப்பு, கழன்ற சாயத்தை நீரிலேயே மிதக்க வைத்துக்கொள்ளும், மீண்டும் துணியில் ஏறவிடாது. எந்த மூலையும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீர் நிறமேறியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். 12 மணி நேரத்துக்குப் பிறகும் நீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தால் அலசிக் காயவைக்கலாம். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். பட்டோ கம்பளியோ கலந்திருந்தால் இந்த வழி ஆகாது.

வரைந்த கோட்டின்மேல் இஸ்திரி போடுவது

நீரில் அழியும் நீலப் பேனாவின் கோடு, சூடு பட்டால் நிரந்தரமாகிவிடலாம். முதலில் சோப்பில்லாத குளிர்ந்த நீர், மற்றதெல்லாம் பிறகு. சூட்டில் மறையும் பேனா இதற்கு நேர்மாறு. இஸ்திரியில் மறைந்த கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். பனி பெய்யும் ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பும் குவில்ட்டின் மேல்துணியில் அதைத் தொடவே வேண்டாம்.

நினைவுத் துணியை எடுத்தவுடன் வெட்டுவது

தாத்தாவின் சட்டை, அம்மாவின் புடவை, பிள்ளையின் டி-ஷர்ட். இவற்றில் தைத்த குவில்ட்டுக்கு ஈடில்லை, தப்பாக வெட்டினால் மாற்றுத் துணியும் இல்லை.

டி-ஷர்ட் பின்னல் துணி, இழுக்க இழுக்க நீளும். படத்தைச் சுற்றித் தேவைக்கு மேல் 2 அங்குலம் விட்டுத் தோராயமாக வெட்டி, இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸைப் பின்பக்கம் ஒட்டி, ஆறிய பிறகுதான் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும். ரப்பர் போன்ற அச்சுப் படத்தின்மேல் இஸ்திரி நேராகப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், மேலே ஒரு துணி போடுங்கள்.

நைந்த சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். முழங்கை, காலர் மடிப்பு, தோள் ஆகிய இடங்களில் வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடங்களை விட்டுவிடுங்கள். பழைய பட்டுத் துணியை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மடிப்பில் சர்ரென்று கிழிந்தால் கேன்வாஸ் ஒட்டினாலும் அது வெகுநாள் தாங்காது. போர்வையாக்காமல் சட்டம் போட்டு மாட்டுவதற்கு அதைத் தைக்கலாம். பலவீனமான துணியைக் கெட்டியான புதுத்துணியோடு இணைத்தால் முதலில் கிழிவது பழையதுதான், அதுவும் தையலை ஒட்டியே.

பார்டரைத் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டுவது

நீளப் பட்டியை எடுத்து ஓரத்தில் வைத்து ஓட்டிக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை நறுக்குவது. மெஷினின் பற்கள் கீழ்த்துணியைச் சற்று வேகமாகத் தள்ளும், கையும் ஒரு துணியை இழுக்கும். முடிவில் பார்டர் நடுப்பகுதியைவிட நீளமாகி அலையலையாய் நிற்கும். மேலே எவ்வளவு தைத்தாலும் அந்த அலை படியாது. குவில்ட்டின் நீளத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, அந்த அளவுக்குப் பட்டியை வெட்டுங்கள். இரண்டிலும் பாதி, கால் புள்ளிகளைக் குறித்து, குண்டூசியால் பொருத்திவிட்டுத் தையுங்கள்.

அடித்துணியை மேல்துணி அளவுக்கே வெட்டுவது

நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதல். பஞ்சு அடுக்குக்கு 2 அங்குலம்.

பஞ்சு உறையில் எழுதியிருப்பதைப் படிக்காதது

பேட்டிங் எனப்படும் அந்த நடு அடுக்குக்கு, தையலுக்கும் தையலுக்கும் இடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று உறையில் எழுதியிருப்பார்கள். சிலவற்றுக்கு 8 அங்குலம், சிலவற்றுக்கு 3 அல்லது 4. அதைத் தாண்டினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கிழிந்து மூலையில் திரளும். கருப்புத் துணிக்கு அடியில் வெள்ளைப் பாலியஸ்டர் வைத்தால் இழைகள் நெய்தலின் வழியே வெளியே வந்து நரைத்த தாடி போல நிற்கும். கருப்புத் துணிக்குக் கரும்பஞ்சு உண்டு.

மூன்றடுக்கைச் சேர்க்கும்போது அடித்துணியை ஒட்டும் நாடாவால் தரையில் சுருக்கமின்றி ஒட்டுங்கள், இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்தது, நாடாவை எடுத்ததும் திரும்பச் சுருங்கி மடிப்பாகும். ஊக்குகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒரு முஷ்டி வைத்தால் எங்காவது ஓர் ஊக்கு தட்டுப்படும் நெருக்கத்தில் குத்துங்கள். அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்று. கையால் தைப்பவர்கள் பிறகு பிரித்துவிடும் கச்சாத் தையல் போட்டுக்கொள்ளலாம், அதே இடைவெளியில்.

கைத்தையல் நூலை மெஷினில் போடுவது

மெழுகுப் பூச்சுள்ள நூல் மெஷினுக்குள் பூச்சை உதிர்க்கும். வேண்டாம்.

ஓரப்பட்டிக்குத் துணி மிச்சமிருக்கும் என்று நம்புவது

குவில்ட்டின் வெட்டிய விளிம்பைச் சுற்றிலும் மூடித் தைக்கும் பட்டி இது. 60-க்கு 80 குவில்ட்டின் சுற்றளவு 280 அங்குலம், மூலைகளுக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 292. 42 அங்குல அகலத் துணியில் சாய்வு இணைப்புக்குப் போனது போக ஒரு பட்டிக்கு 39 அங்குலம் கிடைக்கும். ஆக 8 பட்டிகள், 2½ அங்குல அகலத்தில் 20 அங்குலத் துணி. தொடக்கத்திலேயே வெட்டி எடுத்து வைத்துவிடுங்கள்.

கைக்குழந்தைக்குப் பொத்தானும் மணியும்

கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே கூடாது, மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. அந்தக் குவில்ட் விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்க, தரையில் விரித்து விளையாட வைக்கத்தான். பெற்றோரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பு தொடங்குவது

பூங்கொத்து வாங்குங்கள்.

சீட்டில்லாமல் கொடுப்பது

பின்பக்க மூலையில் பெயரும் ஆண்டும் எழுதிய துணிச்சீட்டைத் தைப்பவர்கள் உண்டு, நல்லது. துணியில் அழியாத பேனாவால் எழுதி, இஸ்திரியால் சூடேற்றி, முதல் துவைப்புக்கு முன்பே தைத்துவிட்டால் எழுத்து நிற்குமா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் வாங்குபவருக்கு அதைவிட முக்கியம் இன்னொரு சீட்டு: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, ப்ளீச் கூடாது, நிழலில் தட்டையாக உலர்த்தவும், பிளாஸ்டிக் பையில் மூடி வைக்க வேண்டாம், சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றவும். கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "கறை பட்டாலோ தையல் பிரிந்தாலோ மறைக்காமல் என்னிடம் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன்."