ஆங்கிலச் சொல்லை வரி ஓரத்தில் உடைப்பது எப்படி? முதலில் அர்த்தம், அப்புறம் கோடு

தமிழ்ப் பத்தியில் வரி நிரம்பிவிட்டால், புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் வந்து நிற்காமல் பார்த்துக்கொண்டு சொல்லை இரண்டாக்கிவிடுவோம், கோடுகூடப் போடுவதில்லை. அதே பழக்கத்தோடு ஆங்கிலப் பக்கத்தைத் தொட்டால் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டியிருக்கிறேன்: ஓர் ஆண்டு மலரில் 'தெரபிஸ்ட்' என்ற சொல்லை மூன்றாம் எழுத்தில் உடைத்தேன். மிச்சம் அடுத்த வரியில் 'ரேப்பிஸ்ட்' என்று பாலியல் குற்றவாளியாகிவிட்டது.

ஒரே சொல்லை வைத்துப் பழகுவோம். ப்ரெசென்ட்: பி, ஆர், இ, எஸ், இ, என், டி.

படி 1. வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள். 'பிறந்தநாளுக்கு ஒரு ப்ரெசென்ட் வாங்கினேன்' என்றால் பெயர்ச்சொல், அழுத்தம் முதல் அசையில். 'நாளைக்கு அறிக்கையை ப்ரிசென்ட் பண்ணணும்' என்றால் வினை, அழுத்தம் பின்னால் போய்விடும்.

படி 2. பொருளை எழுதுங்கள். பெயருக்குப் பெயராக, வினைக்கு வினையாக. முன்னதற்கு 'பரிசு', பின்னதற்கு 'பலர் முன் எடுத்துச் சொல்'. எழுதியதைச் சொல்லின் இடத்திலேயே போட்டுப் பாருங்கள். 'பரிசு கொடுக்கும் செயல்' என்று எழுதியிருந்தால் 'ஒரு பரிசு கொடுக்கும் செயல் வாங்கினேன்' என்று வந்து பல்லிளிக்கும்.

படி 3. இப்போதுதான் அகராதி. மெரியம்-வெப்ஸ்டரில் தலைச்சொல்லின் நடுவே சின்னப் புள்ளி இருக்கும்; பெயர்ச்சொல்லில் எஸ் எழுத்துக்குப் பின், வினையில் முதல் இ எழுத்துக்குப் பின். கோடு அங்கேதான். ஆனால் அந்தப் புள்ளி அசையைக் காட்டுவதாக நினைத்துவிடாதீர்கள், உடைக்கும் இடத்தை மட்டும்தான் காட்டுகிறது. 'அபவுட்' இரண்டு அசைதான், புள்ளி கிடையாது, ஏனென்றால் ஒற்றை எழுத்தை வரி ஓரத்தில் அநாதையாக விடக்கூடாது. 'ஸ்ட்ரெங்த்' 8 எழுத்து, ஒரே அசை, அதைத் தொடவே வேண்டாம். அப்புறம், அமெரிக்க வழக்கு ஒலியைப் பார்க்கும், பிரிட்டிஷ் வழக்கு சொல்லின் கட்டுமானத்தைப் பார்க்கும்: 'நாலெட்ஜ்' அமெரிக்க வழக்கில் எல் எழுத்துக்குப் பின் உடையும், பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு முன்பே. எந்த வழக்கில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள்.

படி 4. கோட்டைச் சும்மா தட்டிவிடாதீர்கள். பத்தியில் ஒரு வார்த்தை கூடினாலும் அந்தக் கோடு நடுவரிக்கு வந்து அசிங்கமாக நிற்கும். வேர்டில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கோட்டு விசையைத் தட்டுங்கள். சொல் வரி ஓரத்துக்கு வரும்போது மட்டும் கோடு தெரியும்.

கணினியே பார்த்துக்கொள்ளாதா என்றால், பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக ஃபிராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டில் 1983 முனைவர் பட்ட ஆய்வில் தந்த முறை இன்றும் ஓடுகிறது. அதன் ஆங்கில வடிவத்தோடு 14 சொற்கள் கொண்ட விதிவிலக்குப் பட்டியல் ஒன்று வரும். அதில் நம்ம ப்ரெசென்ட் இருக்கிறது, ப்ராஜெக்டும் இருக்கிறது, இரண்டின் பன்மையும் சேர்த்து, எந்தக் கோடும் இல்லாமல்: உடைக்கவே உடைக்காதே என்று அர்த்தம்.