இணையத்தில் பார்த்த டோஸும் கையில் இருக்கும் குப்பியும்: கால்நடை மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடுகத்தூரிலோ கே.வி.குப்பத்திலோ மாட்டுக்கொட்டகையில் நின்றபடியே கைப்பேசியில் மருந்தளவு பார்ப்பது இன்று எல்லாக் கால்நடை மருத்துவர்களும் செய்வதுதான். பார்க்க வேண்டும், பார்ப்பது நல்லது. அந்த எண் எந்த நாட்டுக் குப்பிக்கு, எந்த இனத்துக்கு, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று கேட்காமல் சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போதுதான் வினை வருகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் தொழில் செய்பவர்களை மனதில் வைத்து, இணையத் தகவலைக் கையாள்வதில் அடிக்கடி நடக்கும் தவறுகளை இங்கே பார்ப்போம்.

மில்லி கணக்கை அப்படியே எடுப்பது

காய்ச்சலையும் வலியையும் குறைக்கும் மெலாக்சிகாம் நல்ல உதாரணம். மாட்டுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. என்பதில் குழப்பமில்லை. ஐரோப்பிய லேபிளோ 100 கிலோ எடைக்கு 2.5 மில்லி என்று சொல்லும். அங்கே மாட்டுக்கான குப்பியில் மில்லிக்கு 20 மி.கி. இருக்கிறது. நம் மருந்துக்கடைகளில் மில்லிக்கு 5 மி.கி. உள்ள குப்பியும் கிடைக்கிறது, 20 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது.

300 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு 150 மி.கி. தேவை. 20 மி.கி. குப்பியில் அது 7.5 மில்லி, 5 மி.கி. குப்பியில் 30 மில்லி. 5 மி.கி. குப்பியை வைத்துக்கொண்டு 7.5 மில்லி போட்டால் மாட்டுக்குப் போவது 37.5 மி.கி., அதாவது கால் பங்கு. காய்ச்சல் இறங்காது, வலி குறையாது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அடுத்த மருந்துக்குத் தாவிவிடுவோம். 5 மி.கி. குப்பிக்குப் பழகிய கை 20 மி.கி. குப்பியில் 30 மில்லி எடுத்தால் 600 மி.கி. போகும். ஏற்கெனவே நீர்ச்சத்து வற்றிய மாட்டின் சிறுநீரகம் அந்த நான்கு மடங்கைத் தாங்காது. சிகிச்சைப் பதிவேட்டில் முதலில் மில்லிகிராமை எழுதி, குப்பியைத் திருப்பி லேபிளைப் படித்த பிறகு மில்லியை எழுதும் பழக்கம் இந்தத் தவறை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும்.

அமெரிக்கத் தளங்களில் பவுண்டு இன்னொரு பொறி. செஃப்டியோஃபர் லேபிளில் பவுண்டுக்கு 0.5 முதல் 1 மி.கி. என்று இருக்கும். கிலோவுக்கு அது 1.1 முதல் 2.2 மி.கி. பவுண்டைக் கிலோ என்று படித்தால் பாதிக்கும் குறைவான எதிருயிரிதான் உடலுக்குள் போகும். கிருமி எதிர்ப்பு வளர இதைவிட வசதியான வழி வேண்டியதில்லை.

மயக்கம் தரும் சைலசின் விஷயத்தில் தவறினால் உயிரே போகும். குதிரைக்கு ஐ.வி. (சிரை) வழியில் கிலோவுக்கு 1.1 மி.கி. என்பது வழக்கமான அளவு. மாடு இந்த மருந்துக்குக் குதிரையைவிடப் பத்து மடங்கு கூருணர்வு உள்ளது, ஐ.வி. வழியில் 0.05 மி.கி.யிலேயே மயங்கும். மில்லிக்கு 20 மி.கி. உள்ள குப்பியில் 300 கிலோ மாட்டுக்கு அது முக்கால் மில்லி. அட்டவணையில் ஒரு வரி தவறிக் குதிரைக்கான அளவை எடுத்தால் 16.5 மில்லி ஆகிவிடும். மூச்சு அடங்கும், வயிறு உப்பும், இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகும். சினை முற்றிய மாட்டுக்கு இம்மருந்தைச் சரியான அளவில் கொடுத்தாலும் கருப்பை சுருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சிறிய திரையில் அட்டவணை பார்க்கும்போது இனத்தின் பெயர் இருக்கும் நெடுவரிசை மறைந்துவிடுகிறது. கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பி, முழு வரியையும் பார்த்த பிறகே கணக்குப் போடுங்கள்.

பழைய பி.டி.எஃப்., புதிய தடை

குழுக்களில் சுற்றும் மருந்துக் கையேடுகளின் பழைய பதிப்புகளில் அளவு சரியாக இருந்தாலும் அந்த மருந்து இன்று சட்டப்படி போடக்கூடியதா என்பது அதில் இருக்காது. வலி மருந்தான டைக்ளோஃபினாக் 2006 முதல் கால்நடைகளுக்குத் தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015இல் அதை 3 மில்லி ஒற்றை டோஸ் குப்பியாகச் சுருக்கினார்கள். அதே வகை வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்லோஃபினாக் இரண்டும் 2023இல் தடை செய்யப்பட்டன. 2024 இறுதியில் நிமிசுலைடும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கழுகினம்தான்: மருந்து தங்கிய இறந்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளின் சிறுநீரகம் செயலிழக்கிறது. அசிக்லோஃபினாக் மாட்டின் உடலுக்குள்ளேயே டைக்ளோஃபினாக்காக மாறிவிடுகிறது.

ஐரோப்பியத் தளங்களில் கீட்டோபுரோஃபென் இன்றும் மாட்டுக்குச் சாதாரண மருந்து. பாலை ஒரு நாள்கூடக் கழிக்க வேண்டாம் என்று போட்டிருப்பதைப் பார்த்தால் ஆசை வரும். இங்கே அது செல்லாது. மெலாக்சிகாம், டோல்ஃபினாமிக் அமிலம் இரண்டும் கழுகுகளுக்குப் பாதுகாப்பானவை என்று ஆய்வில் உறுதியானவை, நம் தேவைக்கு அவை போதும். எதிருயிரிகளிலும் தடை உண்டு: கொலிஸ்டின் 2019 முதல் உணவுக்கான விலங்குகளுக்குக் கூடாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகளுக்கும் 2025இல் தடை வந்துவிட்டது.

தடைச் செய்தியை நாளிதழில் படித்ததோடு நிற்பதும் தவறு. வரைவு அறிவிக்கைக்கும் இறுதி அறிவிக்கைக்கும் வேறுபாடு உண்டு. வரைவில் ஆட்சேபம் கேட்பார்கள், அது தடை ஆகாது. மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டம் 1940இன் 26ஏ பிரிவின் கீழ் மத்திய அரசிதழில் வந்திருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து என்று மின்-அரசிதழ் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தையே சேமித்து வையுங்கள். மருந்துக்கடைக்காரரிடம் பேச அது உதவும்.

சிகிச்சை முறைக்கு முதலில் திறக்க வேண்டியது மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 2024இல் வெளியிட்ட தரநிலை சிகிச்சை வழிகாட்டி. எம்.எஸ்.டி. கால்நடை மருத்துவக் கையேடு இலவசம், நோய்க்கூறு படிக்க அருமையானது. வரிசை மட்டும் மாறக் கூடாது: இந்திய வழிகாட்டி முன்னே, அது பின்னே.

விலக்கு காலத்தை இறக்குமதி செய்வது

விலக்கு காலம் என்பது மருந்து போட்ட பின் பாலையும் இறைச்சியையும் உணவுக்குக் கொடுக்காமல் ஒதுக்க வேண்டிய நாள்கள். மெலாக்சிகாமுக்கு ஐரோப்பாவில் பாலுக்கு 5 நாள், இறைச்சிக்கு 15 நாள். அந்த எண்கள் அந்தக் குப்பியில் சோதித்து வந்தவை. நம் மருந்து விதிகள் 1945இன் 97ஆம் விதி சொல்வது வேறு: லேபிளில் விலக்கு காலம் உறுதிசெய்யப்பட்டிருக்காவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் மாடென்றால் 56 லிட்டர் பாலைச் சங்கத்தில் ஊற்ற முடியாது. இதை ஊசி போடுவதற்கு முன்பே வீட்டாரிடம் சொல்ல வேண்டும். சீட்டில் '7 நாள்' என்று எழுதாமல், எந்தத் தேதி மாலைக் கறவையிலிருந்து ஊற்றலாம் என்று தேதியாக எழுதிக் கொடுங்கள். நாளை எண்ணுவதில் வரும் தகராறு அதோடு தீரும்.

மாவட்டத்தின் பழைய பெயரை மறப்பது

இது பலருக்குத் தோன்றாத தவறு. நம் பகுதி நோய்களைப் பற்றிய ஆய்வுகளை மருத்துவக் கட்டுரைத் தேடுதளமான பப்மெடில் தேடும்போது 'வேலூர்' என்று மட்டும் போட்டால் பாதி கிடைக்காது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மூன்றானது. அதனால் பழைய கட்டுரைகள் 'நார்த் ஆற்காடு' என்ற பெயரில் கிடக்கின்றன. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், நார்த் ஆற்காடு என்ற நான்கு பெயர்களையும் ஆங்கிலத்தில் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டும். முனைவர், முதுநிலை ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் களஞ்சியத்தில் அதே பெயர்கள்.

அப்படித் தேடினால் முதலில் கண்ணில் படுவது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இப்பகுதி மனிதர்களிடம் கண்ட அடைப்பான் நோயை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டவர், திடீர்ச் சாவுக்கு உடற்கூறு ஆய்வு செய்யச் சொல்லும் பொதுவான இணையக் குறிப்பை அப்படியே பின்பற்ற மாட்டார். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம், சரியாக விறைக்காத உடல், வேகமாக ஊதிய வயிறு என்றால் சடலத்தை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் அந்த மண்ணில் கிடக்கும். காதுச் சிரையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பூச்சுக்கண்ணாடி தயாரித்து, ஊசி குத்திய இடத்தைக் கிருமிநாசினிப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சதுர முனையுள்ள நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். 1932 முதல் ராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் பக்கத்திலேயே இருப்பது நமக்குப் பெரிய பலம். சடலத்தைத் தொட்டவர்கள், இறைச்சியைப் பங்கு போட்டவர்கள் பட்டியல் அன்றே சுகாதாரத் துறைக்குப் போக வேண்டும்.

இன்னொரு நுட்பம்: இணையப் பக்கங்களில் பென்சிலின் சிகிச்சையும் தடுப்பூசியும் அடுத்தடுத்த பத்தியில் இருக்கும். அடைப்பான் தடுப்பூசி உயிருள்ள வித்துகளால் ஆனது. இரண்டையும் ஒரே மாட்டுக்கு ஒரே நேரத்தில் போட்டால் பென்சிலின் தடுப்பூசியைக் கொன்றுவிடும்.

முன்னறிவிப்பைச் செய்தியாகவும் செய்தியை நோயாகவும் எடுப்பது

பெங்களூருவில் உள்ள கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனமான நிவேதியின் நாட்ரெஸ் தளம் மாவட்டவாரியாக இரண்டு மாதம் முன்கூட்டியே நோய் வாய்ப்பைச் சொல்கிறது. அது நோய்க்கிளர்ச்சி வந்துவிட்டது என்ற அறிவிப்பு அல்ல. தடுப்பூசி இருப்பையும் குளிர்சங்கிலியையும் சரிபார்க்கக் கிடைக்கும் அவகாசம். வேலூர் வரியை மட்டும் பார்ப்பது போதாது. பொய்கை செவ்வாய்ச் சந்தைக்கு மாடு எல்லை தாண்டியும் வருகிறது, ஆகவே சித்தூர், கிருஷ்ணகிரி வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் பறவைக் காய்ச்சல் கண்டதும், அந்தச் செய்தி இங்கே வேறு உருவம் எடுத்துப் பரவியது. வெளிநாட்டு நோய்ச் செய்தி எதுவானாலும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோய்த் தகவல் தளமான வாகிஸில் நாடு, இனம், தேதி மூன்றையும் பார்த்துவிட்டுப் பகிருங்கள். கோமாரி பற்றிய ஆப்பிரிக்கக் கட்டுரைகளில் சாட் (SAT) என்ற வைரஸ் வகைகள் வரும். நம் தடுப்பூசி ஓ, ஏ, ஆசியா-1 வகைகளுக்கு. தோலில் முடிச்சு தெரியும் எல்லா மாட்டுக்கும் தோல் கழலை நோய் என்று குழுவில் படம் போடுவதும் கூடாது. ஹெர்பிஸ் வைரஸ்-2 வந்தாலும் முடிச்சு வரும், ஆனால் மேலோட்டமாக இருந்து தானே ஆறிவிடும். தோல் கழலையில் முடிச்சு தோலின் முழுத் தடிமனையும் பிடித்திருக்கும். மாதிரி எடுத்து அனுப்புங்கள், முடிவு வரும்வரை 'சந்தேகம்' என்ற சொல்லோடு நிறுத்துங்கள். 2009ஆம் ஆண்டு விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அந்தச் சந்தேகம் முதலில் போய்ச் சேர வேண்டியது துறை அலுவலருக்கு.

ஆய்வுச் சுருக்கத்தோடு நின்றுவிடுவது பற்றிக் கொஞ்சம். சோதனைத் தட்டில் கிருமியைக் கொன்ற மூலிகைச் சாறு மடிநோயைக் குணமாக்கும் என்று அர்த்தமில்லை. எத்தனை மாடு, ஒப்பீட்டுக் குழு இருந்ததா, எத்தனை நாள் கவனித்தார்கள் என்ற மூன்றும் முழுக் கட்டுரையில்தான் இருக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் வருகின்றன. தலைப்பை அப்படியே பப்மெடில் ஒட்டிப் பாருங்கள். அங்கும் இதழின் சொந்தத் தளத்திலும் அகப்படாவிட்டால் அந்த மருந்தளவைக் கொட்டகைக்குக் கொண்டு போகாதீர்கள்.