கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீர்கள்

அக்கா மகனுக்கு அப்போது 11 வயது. ஒரு சனிக்கிழமை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே குளியலறையிலிருந்து அழுகைச் சத்தம். அக்கா அவனைக் குனிய வைத்துப் பின்கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அழுக்கு எப்படி அடைஞ்சு கிடக்கு பாரு. ஒரு மாசமா தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது!" என்றாள். கழுத்து மடிப்பில் வெல்வெட் துணிபோலத் தடித்த கறுப்பு. அதன் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது.

அது அழுக்கு இல்லை. எடை கூடிய உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும்போது, கணையம் ஈடுகட்ட மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிடுவதால் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கிறது. மருத்துவத்தில் இதற்கு அகாந்தோசிஸ் நிக்ரிக்கன்ஸ் என்று பெயர். சோப்பு, எலுமிச்சை, கடலைமாவு எதற்கும் இது போகாது. செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. நம் பிள்ளைகளின் கழுத்தில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது.

'கொழுகொழுன்னு இருந்தாத்தான் பிள்ளை, வளர்ந்தா உயரத்துல இழுத்துரும்' என்பது அடுத்த தவறு. சிலருக்கு இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பத்து, பன்னிரண்டு வயதிலும் அதிக எடையோடு இருக்கும் பிள்ளை பெரும்பாலும் அதே எடையோடுதான் பெரியவனாகிறது. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பத்துக்கு மூன்று பிள்ளைகள். பெரியவர்களுக்கே வரும் என்று நாம் நினைத்த இரத்தக் கொதிப்பும், கல்லீரலில் கொழுப்புப் படிவதும், இரண்டாம் வகை நீரிழிவும் இந்த வயதிலேயே வருகின்றன. பிள்ளை குறட்டை விட்டால் 'அசந்து தூங்குறான்' என்று சிரிக்கிறோம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால், அவன் இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை என்று அர்த்தம். அதனால்தான் மறுநாள் வகுப்பில் கண் சொருகுகிறது. ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்கிறார்.

சரி, எடை கூடிவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? பிள்ளையைத் திட்டுகிறோம். எல்லாவற்றையும்விட மோசமான தவறு இதுதான் என்பேன். அக்கா வீட்டில் அவனுக்கு மட்டும் இரவில் காய்கறி சூப். மற்ற மூவருக்கும் பொரித்த கோழி. கல்யாண விருந்தில் ஒரு மாமா அவன் தட்டிலிருந்து வடையை எடுத்துவிட்டு, "உனக்கு எதுக்குடா இது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இரண்டு மாதம் கழித்து அவன் தலையணை உறையை மாற்றும்போது உள்ளேயிருந்து ஏழெட்டு பிஸ்கட் காகிதங்கள் விழுந்தன. பிள்ளை திருந்தவில்லை, ஒளித்துத் தின்னக் கற்றுக்கொண்டான். 11 வயதுப் பிள்ளை சம்பளம் வாங்கிச் சாமான் வாங்குவதில்லை. குளிர்பெட்டியில் இருப்பதை வாங்கி வைத்தது யார்? மரபணு, கர்ப்பத்தில் அம்மாவுக்கு இருந்த நீரிழிவு, சில மருந்துகள், தூக்கக் குறைவு, அடுக்குமாடி வீட்டில் ஓடி ஆட இடம் இல்லாதது என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

இன்னொன்று, வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. எடை ஏறாமல் நின்றால் போதும், உயரம் கூடக் கூட உடம்பு சரியான அளவுக்கு வந்துவிடும். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று பார்க்கும், பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்ப்பதும் தவறு. அவர்களுக்கு வயதும் பாலினமும் பார்த்துத் தனி வளர்ச்சி அட்டவணை உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

இப்போது நாம் குடிக்கும் பானங்களுக்கு வருகிறேன். பினாங்கில் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக்கும் (இனிப்பு டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்). பத்து மணிக்கு ஒரு கோப்பி. மதியம் நாசி கண்டாரோடு ஐஸ் போட்ட சிரப் தண்ணீர். சாயங்காலம் பிள்ளைக்கு ஒரு மைலோ, நமக்கு இன்னொரு தே. இரவு பந்து விளையாட்டுப் பார்க்க மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடை. 'என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால் ரொட்டியும் சோறும்தான் கணக்கில் வரும். குடித்தது எதுவும் வராது. ஒரு கிளாஸுக்கு ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ 20 கிராம் சீனி இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கப்பட்ட சீனி இருந்தால் நல்லது என்கிறது. ஆக, இரண்டாவது கிளாஸிலேயே கணக்கு தாண்டிவிடுகிறது. திரவமாகப் போகும் சீனி சோறுபோல வயிற்றை நிறைப்பதும் இல்லை. குடித்த பிறகும் அதே அளவு சாப்பிடுகிறோம்.

அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025 ஜனவரியிலிருந்து அது 90 காசு. நல்ல காரியம்தான். ஆனால் அது டின்னுக்கும் போத்தலுக்கும். மாமாக் கடையில் கலக்கும் கிளாஸை அது தொடாது. அங்கே நாம்தான் வாயைத் திறந்து 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்றோ, குறைந்தது 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்றோ சொல்ல வேண்டும். முதல் வாரம் சப்பென்று இருக்கும். மூன்றாவது வாரத்தில் பழைய இனிப்பு நாக்குக்குத் திகட்டும். நானே இப்படித்தான் மாறினேன். வீட்டில் குளிர்பெட்டியில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு பானம் வைக்காமல் இருப்பது, எனக்குத் தெரிந்து, ஒரு குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய ஒற்றை மாற்றம்.

'நான் ஒல்லிதான், எனக்கு என்ன?' என்று நினைப்பதும் நம்மவர்களுக்கு ஆபத்து. லண்டனைச் சேர்ந்த யுட்கின், புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2004-இல் தங்கள் உடம்பையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு மெலிந்த உடம்பு, உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு. தெற்காசிய உடலமைப்பே பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் ஆசியர்களுக்குப் பிஎம்ஐ 25-க்குப் பதிலாக 23-லேயே கவனம் தேவை என்கிறார்கள். 2019 ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. வீட்டுக்கு வீடு 'இனிப்பு நீர்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டு மருந்துப் பையோடு திரிகிறோம்.

ஆகவே தராசோடு அளவு நாடாவையும் எடுங்கள். கால்சட்டை அளவை நம்ப வேண்டாம். ஆண்கள் தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுவதால் பத்து வருடமாக அதே அளவுதான் வாங்குவார்கள். விலா எலும்பின் கீழ் முனைக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ தராசு என்ன சொன்னாலும் மருத்துவரைப் பாருங்கள்.

சோற்றை எதிரியாக்கி இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிடுவதும் பலன் தராது. கோதுமையும் மாவுச்சத்துதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, அரைப் பங்கு காயும் பழமும் என்று சுகாதார அமைச்சு சொல்வது நம் சமையலுக்கும் பொருந்தும். நம் வீடுகளில் அது தலைகீழாக இருக்கிறது. முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். விடிந்து வந்து ஐந்து மணி நேரம்கூடத் தூங்க மாட்டார். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, நாக்கு இனிப்பையும் எண்ணெயையும் தேடுகிறது. அவர் நொறுக்குத்தீனியை நாடியதற்கு மனவுறுதி இல்லை என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கு அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. அதே வீட்டில் பிள்ளையும் கைப்பேசியோடு நள்ளிரவு வரை விழித்திருந்தான்.

நடப்பது நல்லது என்று எல்லாரும் நிறையப் பேசிவிட்டார்கள். ஒன்று மட்டும். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறுகிறோமே, அது வருடத்துக்கு ஒரு நாள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம், பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும். அந்த மலையடிவாரத்திலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குக் காசு கொடுக்காமலே போய் நடக்கலாம்.

அப்புறம், குடித்தால் உடம்பு மெலியும் என்று விற்கும் இந்தக் கோப்பி. என்னோடு வேலை செய்த ஒரு தோழி யாரோ தெரிந்தவர் மூலம் வாங்கிக் குடித்தாள். எடை இறங்கியது, கூடவே நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தன. இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதாக நம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. 'இயற்கை மூலிகை' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். உடம்பு திடீர் எடையிழப்பை ஏற்பதும் இல்லை. பசியைக் கூட்டி, எரிக்கும் சக்தியைக் குறைத்து, இழந்ததை மீட்கப் பார்க்கும்.

இருபது கிலோ குறைக்க வேண்டும் என்று தொடங்கி மூன்றாவது வாரமே மனம் வெறுத்து விட்டுவிடுகிறோம். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் வைத்த இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடுதான், அதோடு வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. மூன்று ஆண்டு வாக்கில், அப்படிச் செய்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு அது ஐந்தரைக் கிலோ சொச்சம்.

அக்கா மகனை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). கழுத்தைக் காட்டி, சர்க்கரை, இரத்த அழுத்தம், கல்லீரல் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். சர்க்கரை விளிம்பில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனிச் சூப் இல்லை, எல்லாருக்கும் ஒரே சமையல். ஒரு வருடத்தில் அவன் எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, ஆள் ஆறு செண்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். கழுத்துக் கறுப்பு முழுசாகப் போகவில்லை, வெளிறியிருக்கிறது. அடுத்த பரிசோதனை வரும் மாதம். இந்த முறை அக்காவும் மாமாவும் அவனோடு சேர்ந்து இரத்தம் கொடுக்கிறார்கள்.