ரெக்கே-டிஸ்கோ ப்ளேலிஸ்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் தாளத்துக்கு நடுவில் 'சக் சக்' என்று வெட்டினால் ஜமைக்காவின் ரெக்கே, கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விடாமல் 'தும் தும்' என்று அடித்தால் டிஸ்கோ, இரண்டும் இருந்தால் கலவை. பலர் இந்தக் கணக்கோடுதான் பாட்டுகளைப் பொறுக்குகிறார்கள். முதல் தவறு இதுதான்.

ரெக்கேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் நான்கு எண்ணினால் முதல் எண்ணிக்கை காலியாக இருக்கும். கிக்கின் கனம் மூன்றாவதில்தான் விழும். டிஸ்கோவில் நான்கிலும் விழும். ஆனால் 1970களின் நடுவிலேயே ஜமைக்காவில் 'ஸ்டெப்பர்ஸ்' என்ற தாளம் வந்துவிட்டது. அதிலும் கிக் நான்கிலும்தான். பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' (1977) அந்த வகை. அதை டிஸ்கோ வரிசையில் சேர்த்தால் ரெக்கே தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கிக்கை மட்டும் எண்ணாமல், இரண்டு கிக்குகளுக்கு நடுவே 'ட்ஸ்' என்று திறந்து மூடும் ஹை-ஹாட் (டிரம்ஸில் ஜோடியாக இருக்கும் உலோகத் தட்டுகள்) இருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்கோவின் கையெழுத்து அது. மார்லியே நடனத் தளத்தை நோக்கி வந்த பாட்டு வேண்டுமென்றால் 1980இல் வந்த 'குட் யூ பி லவ்ட்' இருக்கிறது.

அடுத்தது, பாடியவர் பெயரை வைத்துத் தேடுவது. இந்தக் கலவை பெரும்பாலும் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வாசித்தவர்களின் வேலை. கிங்ஸ்டனைச் சேர்ந்த ஸ்லை டன்பார் (டிரம்ஸ்), ராபி ஷேக்ஸ்பியர் (பேஸ்) இருவரையும் பிடித்துக்கொண்டால் பாதிப் பாட்டுகள் தானாகவே கிடைத்துவிடும். ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் பஹாமாஸின் நாசாவில் நடத்திய காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில், பாடகி கிரேஸ் ஜோன்ஸின் பாட்டுகளுக்கு வாசித்தவர்கள் இவர்கள்தான். 'புல் அப் டு த பம்பர்' (1981) கேளுங்கள். கிட்டாரில் ரெக்கே வெட்டு என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பேஸ் எங்கே வாசிக்கிறது, எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று கவனித்தால் ஜமைக்கா தெரியும். கிட்டார் கணக்கு வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடுவார்கள். என் கணக்கில் பட்டியலின் முதல் இடம் இதற்குத்தான். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் அந்த பேஸ் பாதிகூட வராது.

பழைய ஜமைக்கா தட்டுகளின் லேபிளில் 'டிஸ்கோ மிக்ஸ்', 'டிஸ்கோ 45' என்று போட்டிருப்பார்கள். டிஸ்கோ இசை என்று நம்பி எடுத்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் அது 12 அங்குலத் தட்டு என்பதற்கான அடையாளம்: முதலில் பாட்டு, அப்புறம் இடைவெளி இல்லாமல் அதே பாட்டின் டப் வடிவம், அதாவது குரலைக் குறைத்து, பேஸையும் டிரம்ஸையும் எதிரொலியோடு முன்னால் கொண்டுவந்த வடிவம். டப் நன்றாகவே இருக்கும், அது வேறு விஷயம்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. 'வாக்கிங் ஆன் சன்ஷைன்' என்று தேடினால் காட்ரினா அண்ட் த வேவ்ஸ் குழுவின் துள்ளல் பாட்டுதான் முன்னால் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது அது இல்லை. கயானாவில் பிறந்த எடி கிராண்ட் 1979இல் வெளியிட்ட வேறொரு பாட்டுக்கும் அதே பெயர். 1982இல் நியூயார்க் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரின் ராக்கர்ஸ் ரிவெஞ்ச் குழு அதை மறுபடி பதிவு செய்து கிளப் ஹிட் ஆக்கியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் டிஸ்கோ மெல்ல எலெக்ட்ரானிக் நடன இசையாக மாறுவது காதில் விழும்.

பல தொகுப்புகளில் வானொலிக்காக வெட்டிய மூன்று நிமிட வடிவம்தான் இருக்கும். அதையே எடுத்துப் போட்டால் ருசி போய்விடும். தேர்ட் வேர்ல்ட் குழுவின் 'நவ் தட் வீ'வ் ஃபவுண்ட் லவ்' (1978) ஓ'ஜேஸ் 1973இல் பாடிய நிதானமான சோல் பாட்டு. இவர்கள் கையில் அது ஆட்டமாயிற்று. ஆல்பம் வடிவம் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும், அதையே போடுங்கள். பாடகி க்வென் கத்ரியின் 'பேட்லாக்' பாட்டுக்கும் இதே விதி. ஸ்லையும் ராபியும் வாசித்ததை நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பின் டி.ஜே. லாரி லெவன் டப் பாணியில் கலைத்துப் போட்டது அது. குரல் திடீரென்று எதிரொலியில் கரையும், பேஸ் தனியாக நிற்கும், அப்புறம் டிரம்ஸ் திரும்பி வரும். லெவன் பெயர் போட்ட மிக்ஸைத்தான் தேட வேண்டும்.